விமானி உரிமம்: வகைகளும் தகுதிகளும்

(நமது மஹல்லா கல்விக் குழுவின் சார்பில் பிளஸ் டூ மாணவ மாணவியருக்காக நடத்தப்பட்ட வழிகாட்டி நிகழ்ச்சியில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுப் பலரும் வியந்திருக்கக் கூடும். ஹஜ்ரத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் வாசலிலேயே சிரித்தபடி கேட்டார். சம்பந்தம் உண்டு. அது நமக்கு வருத்தம் தருகின்ற சம்பந்தம். அதை முதலில் சொல்லிவிட்டே மற்றவற்றுக்குச் செல்வோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, விமானி பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதாகக் கூறிய ஒரு முகவர் நமது பள்ளிவாசலுக்கு வந்தார். அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, ஜும்ஆவிற்குப் பின் அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு உதவும் செய்திதானே என்று எண்ணி, அதை ஒலிபெருக்கியில் வாசித்தது வேறு யாருமல்ல, நாமேதான். அந்த அறிவிப்பை நம்பி நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார், வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்திலிருந்து பெருந்தொகை ஒன்றை முன்பணமாகச் செலுத்தினார். முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள், மருத்துவப் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த முகவர் கூறியிருந்தார். பிறகு பரிசோதனை நடந்தபோதுதான் மகனுக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருப்பது தெரிய வந்தது. விமானி ஆகும் வழி அடைபட்டது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

அந்தத் தகப்பனார் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. இன்றும் வழியில் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் கூறுகிறார். அவர் ஏசியிருந்தால்கூட மனம் இத்தனை வேதனைப்பட்டிருக்காது. அன்றிலிருந்து, அறியாத ஒன்றை மிம்பர் அருகில் நின்று அறிவிப்பதில்லை என்று உறுதி கொண்டோம். அத்துடன், எந்தப் பொருளைப் பற்றி அறியாமல் பேசினோமோ அதைப் பற்றி அறிந்து பேசும் கடமையும் நமக்கு உண்டெனக் கருதினோம். அரசு விதிகளைத் தேடிப் படித்தோம். விமானத் துறையில் பணிபுரியும் நமது சகோதரர்களிடம் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு அறிந்ததையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

உரிமம் வழங்குவது யார்?

இந்தியாவில் உரிமம் பெற்ற முதல் விமானி ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு முதலாம் எண் உரிமம் கிடைத்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பைகளுடன் அவரே விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி.

இன்று நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு உரியது. சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. என்பர். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பயிற்சிப் பள்ளி எதுவாயினும், முகவர் யாராயினும், அவர்களால் உரிமம் வழங்க இயலாது. அவர்கள் பயிற்சிதான் தரலாம். உரிமம் தருவது அரசு மட்டுமே. இந்த ஒரு செய்தியை மனதில் இருத்திக்கொண்டாலே பாதி ஏமாற்றங்களிலிருந்து தப்பிக்கலாம்.

உரிமம் என்பது ஒன்றல்ல, படிப்படியாகப் பலவாகும். மதரஸாவில் ஒரு கிதாபை முடித்தவர் அடுத்த கிதாபுக்குச் செல்வது போன்றே, ஒவ்வொரு படிக்கும் வயது, கல்வி, உடல் தகுதி, பறந்த நேரம், தேர்வு என ஐந்து நிபந்தனைகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி: மாணவ விமானி உரிமம்

இதை எஸ்.பி.எல். என்பர். 16 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், பயிற்சிக் கழகம் நடத்தும் அடிப்படைத் தேர்வில் தேர்ச்சியும் தேவை. காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. இந்த உரிமம் பெற்றவர் பயிற்றுநரின் மேற்பார்வையில் மட்டுமே பறக்கலாம். பயிற்றுநர் அனுமதித்தால் தனியாகவும் பறக்கலாம். ஆனால் பயணி எவரையும் ஏற்றிச் செல்லக் கூடாது. சுருங்கச் சொன்னால், கற்பதற்கான அனுமதிச் சீட்டே இது.

இரண்டாம் படி: தனி விமானி உரிமம்

இதை பி.பி.எல். என்பர். 17 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் பயிற்றுநர் உடனில்லாமல் தனித்துப் பறந்த நேரமாக இருத்தல் அவசியம். ஊர் விட்டு ஊர் தனியே பறந்த நேரம் 5 மணிக்குக் குறையலாகாது. அதில் ஒரு பயணம் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர் தூரம் அமைந்து, வழியில் இரண்டு இடங்களில் தரையிறங்கியிருக்க வேண்டும்.

இந்த உரிமம் உடையவர் தமக்காகவும், தம் குடும்பத்தார் நண்பர்களுக்காகவும் சிறு விமானம் ஓட்டலாம். ஆனால் அதற்குக் கூலியோ வாடகையோ வாங்கலாகாது. சொந்தக் கார் ஓட்டும் உரிமத்தைப் போன்றது இது. இதைக் கொண்டு எந்த விமான நிறுவனத்திலும் வேலை பெற முடியாது. சிலர் இந்த உரிமத்துக்கான கட்டணத்தை மட்டும் கூறி, விமானி ஆக இவ்வளவே செலவு என்று பெற்றோரை மயக்குகின்றனர். விமானத் தொழிலுக்குச் செல்ல விரும்பும் மாணவர் இதைப் பெற்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மாணவ உரிமத்திலிருந்து நேராக அடுத்த படிக்குச் செல்லலாம்.

மூன்றாம் படி: வணிக விமானி உரிமம்

சி.பி.எல். என்று யாவரும் கூறுவது இதையே. விமானம் ஓட்டி ஊதியம் பெறுவதற்கு இதுவே வாயில். 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம்.

பறந்த நேரம் மொத்தம் 200 மணி. அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். பொறுப்பு விமானியாக ஊர் விட்டு ஊர் பறந்த நேரம் 20 மணி. அவற்றுள் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல் இருந்து, இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கியிருக்க வேண்டும். 300 கடல் மைல் என்பது ஏறத்தாழ 556 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் உள்ள தூரத்தினும் அதிகம். மேகமும் இருளும் சூழ்ந்த நிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 10 மணி நேரம். இரவில் பறந்த நேரம் 5 மணி. அதற்குள் 10 முறை ஏறி 10 முறை இறங்கியிருத்தல் வேண்டும்.

ஏறுவதற்கு இணையாக இறங்குவதையும் விதி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறது என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைக் கட்டிக்கொண்டு சிறிது தூரம் பறந்ததாகவும், இறங்கும்போது முதுகில் அடிபட்டதாகவும், பறவை இறங்குவதற்கு வாலும் வேண்டும் என்பதை அவர் கருதவில்லை என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். பறப்பதற்கு ஆசை போதும். பத்திரமாக இறங்குவதற்குக் கல்வி வேண்டும்.

எழுத்துத் தேர்வுகள்

வணிக உரிமத்துக்கு டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகள் பின்வருமாறு: வான்வழிச் செலுத்தல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் பொது, குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு மதிப்பெண் பெற்றால்தான் தேர்ச்சி. பள்ளித் தேர்வில் 35 பெற்றால் போதும் என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் வான்வழிச் செலுத்தல் பாடநூலைப் புரட்டியபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது. கிப்லாவின் திசையையும் தொழுகை நேரங்களையும் கணிப்பதற்காக மதரஸாவில் நாம் கற்ற அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குகள் அங்கே இருந்தன. உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி எது என்பதே இரண்டு கல்விக்கும் பொதுவான கேள்வி. ஆகவே இந்தப் படிப்பு நமக்கு அந்நியமானது என்று எந்த மாணவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இவையன்றி, தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் வானொலியில் பேசுவதற்குத் தனிச் சான்று வேண்டும். இதன் தேர்வை நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறை நடத்தி வந்தது; விமானத் துறையிடமே அதை ஒப்படைக்க 2024ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. மேலும், பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படி ஆங்கிலத் திறன் வேண்டும். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் சொல்வதைத் தெளிவாகச் சொல்லவும், கேட்பதைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளவும் இயல வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதற்கு அஞ்ச வேண்டாம். இப்போதிருந்தே நாளும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டுப் பழகினால் போதும்.

நான்காம் படி: விமானப் போக்குவரத்து விமானி உரிமம்

இதை ஏ.டி.பி.எல். என்பர். உரிமங்களில் இதுவே உச்சம். 21 வயதும் 1500 மணி நேரம் பறந்த அனுபவமும் தேவை. உயர்நிலைத் தேர்வுகளும் உண்டு. பெரிய பயணிகள் விமானத்தில் இடப்புற இருக்கையில் அமர்ந்து, கேப்டன் என்ற பொறுப்பை ஏற்பவர் இந்த உரிமம் பெற்றிருக்க வேண்டும். வணிக உரிமம் மட்டும் உள்ளவர் வலப்புற இருக்கையில் துணை விமானியாகப் பணியாற்றி, அங்கேயே மணி நேரங்களைச் சேர்த்து இந்த நிலைக்கு உயர்வார்.

உரிமத்துடன் சேரும் தகுதிகள்

உரிமம் வேறு, அதன் மீது பதியப்படும் ரேட்டிங் என்னும் தகுதி வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையால்தான் பல பெற்றோர் பணக் கணக்கில் தவறுகின்றனர். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதிக்கு, அதாவது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, 40 மணி நேரக் கருவிப் பயிற்சியும் 50 மணி நேர ஊர் விட்டு ஊர் பறந்த அனுபவமும் வேண்டும். இரட்டை இயந்திர விமானத்துக்குத் தனித் தகுதி. ஏர்பஸ் 320, போயிங் 737, ஏ.டி.ஆர். 72 போன்ற ஒவ்வொரு வகைப் பெரிய விமானத்துக்கும் டைப் ரேட்டிங் என்னும் தனித் தகுதி. பிறருக்குக் கற்பிக்க விரும்புவோருக்குப் பயிற்றுநர் தகுதி. 200 மணி நேரம் முடித்தும் இவை இல்லாத காரணத்தால் வேலையின்றிக் காத்திருக்கும் இளைஞர்கள் நாட்டில் பலர் உள்ளனர்.

ஹெலிகாப்டர், இயந்திரமில்லாத கிளைடர், பலூன் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமங்கள் உண்டு. ஆளில்லா விமானமாகிய டிரோனை இயக்குவதற்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி தொலை இயக்குநர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் இதற்குப் போதும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமே இந்தப் பயிற்சியை அளித்து வருகிறது. வயலுக்கு மருந்து தெளித்தல், நில அளவை, படப்பிடிப்பு என இதற்கான வேலைகள் பெருகி வருகின்றன. குறைந்த செலவில் முடிவதால் இதையும் பெற்றோர் கருத்தில் கொள்ளலாம்.

மருத்துவம் முதலில், பணம் பிறகு

அன்பார்ந்த பெற்றோர்களே! இந்த உரையில் மற்றவை யாவும் மறந்துபோனாலும் இந்தப் பகுதியை மறவாதீர்கள். ஒரு ரூபாயும் செலுத்துமுன் மருத்துவச் சான்றைப் பெறுங்கள்.

இரண்டாம் வகுப்புச் சான்றை டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களிடம் பெறலாம். முதல் வகுப்புக்கான முதற் பரிசோதனை பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம் போன்ற குறிப்பிட்ட நிலையங்களில் நடைபெறுகிறது. கண், காது, இதயம், நுரையீரல், இரத்தம், மூளை நரம்பு என யாவும் சோதிக்கப்படும். கண்ணாடி அணிவது தடையன்று. கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால் போதுமானது. ஆனால் நிறம் பிரித்தறிதல் முக்கியம். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைக் கண்டறியச் சொல்வர். அதில் தவறியவருக்கு விளக்கொளியைக் கொண்டு மீண்டும் சோதனை நடைபெறும். ஓடுபாதை விளக்குகளும் எச்சரிக்கை விளக்குகளும் நிறத்தால் பேசுவனவாதலின் இந்தக் கண்டிப்பு அவசியமானதே.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட தம்பிக்கு வந்த குறைபாடு பிறவியிலேயே அமைவது. நம் ஊர்க் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் அதைக் கண்டறிந்திருக்கலாம். அந்தச் சில நிமிடங்களை அந்தக் குடும்பத்துக்கு நாம் சொல்லித் தரவில்லை. ஒரு தகப்பனாரின் பல ஆண்டு உழைப்பு அதனால் போயிற்று.

சான்று ஒரு முறை பெற்றால் ஆயுளுக்கும் செல்லும் என்றும் எண்ண வேண்டாம். குறித்த காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வயது கூடினால் அந்தக் காலம் சுருங்கும். பயணிகள் விமானத்தை 65 வயதுக்கு மேல் ஓட்ட இயலாது.

பள்ளிப் பாடமும் பயிற்சிப் பள்ளியும்

பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இது குறித்துச் சிந்திக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்துவிட்ட மாணவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக இயற்பியலும் கணிதமும் எழுதித் தேறலாம். இந்தப் பாட நிபந்தனையைத் தளர்த்தலாம் என்ற யோசனை 2025ஆம் ஆண்டில் பேசப்பட்டது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதி என்னவென்பதை டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.

அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலும் அந்த இணையதளத்திலேயே உள்ளது. அவற்றைத் தரவரிசைப்படுத்தும் முறையும் 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டுள்ளது. பட்டியலில் இல்லாத நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ளது. அங்கு நுழைவுத் தேர்வு, திறன் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றின் வழியே மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சில விமான நிறுவனங்களும் கேடட் என்ற பெயரில் திட்டங்கள் நடத்துகின்றன. வெளிநாட்டில் பயின்று உரிமம் பெற்று வருவோர் அதைக் கொண்டு இங்கே உடனே விமானம் ஓட்டிவிட முடியாது. இங்குள்ள தேர்வுகளை எழுதி, மருத்துவச் சான்றும் பெற்று, இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

செலவு எவ்வளவு?

மறைக்காமல் கூறுவோம். வணிக உரிமம் பெறுவதற்கு இன்று ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய் அளவில் செலவாகிறது. டைப் ரேட்டிங்குக்கு அதற்கு மேலும் பத்து லட்சத்துக்கு அதிகமாகத் தேவைப்படும். விமான எரிபொருள் விலையும் பழுது பார்க்கும் செலவும் ஒவ்வொரு மணி நேரத்தின் மீதும் ஏறுவதே காரணம். மழையாலும் விமானப் பற்றாக்குறையாலும் பயிற்சி நீளும்போது விடுதிச் செலவும் சேர்ந்துகொள்ளும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பறந்த நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். குடியிருக்கும் வீட்டை விற்றோ, வட்டிக் கடனில் மூழ்கியோ இதில் இறங்க வேண்டாம். வேலை கிடைக்கச் சில ஆண்டுகள் தாமதமானாலும் குடும்பம் நிலைகுலையாது என்ற வசதி இருந்தால் மட்டுமே இறங்குங்கள்.

பணமில்லாதவருக்கு வழியே இல்லையா? உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை மத்திய பொதுப்பணித் தேர்வாணையம் ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. இயற்பியலும் கணிதமும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவர், விமானப்படைப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் மருத்துவத்திலும் தேறினால், பயிற்சிச் செலவு முழுவதையும் அரசே ஏற்கிறது. 2022ஆம் ஆண்டிலிருந்து மாணவியரும் அங்கு சேர்ந்து பயில்கின்றனர்.

மாணவியர் இந்தத் துறைக்கு வரலாமா என்று ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியுள்ளார். 1936ஆம் ஆண்டிலேயே, தமது 21ஆம் வயதில், சர்லா தக்ரால் என்ற பெண்மணி இந்நாட்டில் விமானம் ஓட்டியிருக்கிறார். இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலக அளவில் இது மிக உயர்ந்த விகிதம். விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

பணியில் நோன்பும் தொழுகையும் எவ்வாறு என்று மற்றொருவர் கேட்டார். பயணிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகைகள் விமானிக்கும் உரியவை. நோன்பைப் பிறகு நோற்கலாம், தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் தம் கையில் இருக்கும்போது பசியாலும் தாகத்தாலும் கவனம் சிதறுவதற்கு இடமளிக்கலாகாது.

பதிவேடு ஓர் அமானிதம்

விமானி பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் தமது பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உரிமம் முழுவதும் அதன் மீதே நிற்கிறது. பறக்காமலே பேனாவால் எழுதிச் சேர்க்கும் பொய் மணிகளை, மேல்நாட்டு விமானிகள் 'பார்க்கர் பேனா நேரம்' என்று கேலியாகக் கூறுவதுண்டு. 2011ஆம் ஆண்டில், போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்றதாக நம் நாட்டில் சில விமானிகள் கைது செய்யப்பட்டனர். எளிதாக முடித்துத் தருகிறோம், மணி நேரத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று எவரேனும் கூறினால், அந்த இடத்தை விட்டு உடனே அகன்றுவிடுங்கள். வியாபாரத்தில் அளவையைக் குறைப்பவர் பொருளைத்தான் திருடுகிறார். இங்கே அளவையைக் குறைப்பவர் பயணிகளின் உயிரைப் பணயம் வைக்கிறார்.

கலாம் அவர்களின் வாழ்க்கையிலிருந்து

மாணவக் கண்மணிகளே! இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்ட டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், சென்னை எம்.ஐ.டி.யில் சேரும்போது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவர்களின் தமக்கை ஸொஹரா அவர்கள் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார்கள். படிப்பு முடிந்தபின், விமானப்படை விமானியாகும் ஆசையில் கலாம் அவர்கள் டேராடூன் சென்றார்கள். 25 பேர் கலந்துகொண்ட தேர்வில் 8 பேர் எடுக்கப்பட்டனர். கலாம் அவர்கள் பெற்ற இடம் ஒன்பதாவது.

ஓர் இடத்தில் கைநழுவிய அந்தக் கனவு அவர்களை முடக்கவில்லை. ஏவுகணைத் துறையில் சாதித்து, குடியரசுத் தலைவராகி, 2006ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், தமது 74ஆம் வயதில், புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தார்கள்.

அந்தத் தமக்கை அடகு வைத்தது நகையை. அது படிப்பாக மாறியது. நம்மிடம் வந்த தகப்பனார் கொடுத்த பணம் ஒரு துண்டறிக்கையோடு போயிற்று. இரண்டிலும் பாசம் ஒன்றே. விவரம் தெரிந்து செய்ததும் தெரியாமல் செய்ததும்தான் வேறுபாடு.

விமானி ஆக இயலாதவருக்கு அதே துறையில் வேறு கதவுகளும் உள. விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கும் டி.ஜி.சி.ஏ. உரிமம் வழங்குகிறது. இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் அடங்கிய பி.எஸ்சி. பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கும் உடல் தகுதி விதிகள் உண்டு. அவற்றையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்துக்கு நமது வேண்டுகோள்

நிறைவாக, நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: கல்வி, வெளிநாட்டு வேலை, பயிற்சி சம்பந்தமான எந்த விளம்பரமும் கல்விக் குழு விசாரித்து எழுத்து மூலம் ஒப்புதல் தந்த பிறகே பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலோ ஒலிபெருக்கியிலோ இடம்பெற வேண்டும். இந்த விதி இமாமுக்கும் பொருந்த வேண்டும். முதலில் இமாமுக்கே பொருந்த வேண்டும்.

இரண்டு: ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் கண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். நிறப்பார்வையையும் அதில் சோதிக்க வேண்டும். விமானி ஆவதற்கு மட்டுமன்று. இரயில் ஓட்டுநர், கப்பல் மாலுமி, இராணுவம் எனப் பல பணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளை வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும்.

மூன்று: ஏமாற்றப்பட்ட அந்தக் குடும்பத்தார் பணத்தை மீட்கச் சட்ட வழியில் முயல்வதற்கு ஜமாஅத் துணை நிற்க வேண்டும். வழக்கறிஞர் செலவில் முதல் பங்கு நமது ஒரு மாதச் சம்பளமாக இருக்கட்டும். இதை உதவி என்று கருதவில்லை. பட்ட கடனில் ஒரு பகுதி என்றே கருதுகிறோம்.

அந்தத் தம்பி இப்போது பி.காம். இறுதியாண்டு படிக்கிறார். இன்றைய நிகழ்ச்சிக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்ததும், மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இந்தக் குறிப்புத் தாளைக் கணினியில் அச்சிட்டுத் தந்ததும் அவரே. தாளின் முதல் வரியாக அவர் தாமே சேர்த்திருப்பதைப் பாருங்கள்: 'முதலில் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.' நாம் மூன்று ஆண்டுகளுக்கு முன் கூறியிருக்க வேண்டிய சொல் அது. இன்று அவர் கூறுகிறார்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அறிந்து பேசும் பக்குவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.